அந்தப் படத்தில் தெரியாதது



சென்ற ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் இதே பக்கத்தில் ஒரு படத்தை இட்டிருந்தேன். குருமனையின் பின்முற்றத்தில் புதிதாக வெட்டிய சிறு குளம். அடியிலுள்ள கூழாங்கற்களை எண்ணிவிடலாம் போன்ற தெளிந்த நீர். அதில் 36 பொன்மீன்கள். சுற்றிவர முதல் நற்கருணை உடையில் 18 பிள்ளைகள். நான் இட்ட படங்களுள் உங்கள் வாழ்த்துகளை மிகுதியாகப் பெற்றது அதுவே.

இப்போது பனி கரைந்து நிலம் இளகிவிட்டது. லவாலிலும் புரோசாரிலும் பியர்ஃபோனிலும் வீடு வாங்கியிருக்கும் உங்களுட் பலர், தங்கள் வளவிலும் அப்படியொரு குளம் அமைக்க விரும்புவதாகச் சொல்லி, நீரை எவ்வாறு பேணுவது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன், அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். படம் எடுத்த பத்து நாட்களுக்குள் அந்த மீன்களில் 23 இறந்துபோயின. அவற்றைக் கொன்றது நோயன்று, என் அவசரம். அதை நான் மறைத்தேன்.

மே மாதத்தின் நீண்ட வாரவிடுமுறையில் நம் இளையோர் அந்தக் குளத்தை வெட்டித் தந்தார்கள். இரண்டரை மீற்றர் நீளம், ஒன்றரை மீற்றர் அகலம், நடுவில் 1.2 மீற்றர் ஆழம். கரையோரம் படிபடியாகச் சரிவதால் ஏறத்தாழ 3000 லீற்றர் நீர் கொள்ளும். இறப்பர் விரிப்பு விரித்து, சிறு நீரிறைக்கும் இயந்திரமும் வடிகட்டிப் பெட்டியும் பொருத்தி, தோட்டக் குழாயால் நிரப்பினோம். மேப்பிள் மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, அவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார் நம் பங்கின் மூத்த ஐயா ஒருவர். வலிகாமம் வடக்கில் செம்மண் தோட்டம் செய்தவர். நீர் நிரம்பியதும் அவர் சொன்னார்:

“தண்ணி பழகவேணும் சுவாமி. ஒரு மாசம் சும்மா விடுங்கோ. பிறகு ரெண்டு மீனை விட்டுப் பாருங்கோ.”

நான் சிரித்தேன். முதல் நற்கருணைக்கு இரண்டு வாரமே இருந்தது. அன்று ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு மீன்களைக் குளத்தில் விடும் என்று பீடத்திலிருந்தே அறிவித்துவிட்டேன். மொன்றியலின் குழாய்நீர் சென் லோரன்ஸ் ஆற்றிலிருந்து வருவது என்பதும், கிருமிகளை அழிப்பதற்காகச் சேர்க்கும் குளோரீன் மீன்களின் பூக்களை எரித்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே குளோரீனை நீக்கும் திரவத்தை வாங்கி, குப்பியில் எழுதியிருந்த அளவின்படி ஊற்றினேன். அத்துடன் என் கடமை முடிந்தது என்று எண்ணினேன். ஐயா சொன்னது ஊர்ப் பழக்கம் என்று ஒதுக்கிவிட்டேன்.

அன்றைய மறையுரையில், குளம் வெட்டிய முதற் குரு நான் அல்லன் என்றும் பெருமையுடன் கூறினேன். இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலமூத்ஸ் மறைமாவட்டத்தின் ஆயர் துப்ராவியுஸ், 1547ஆம் ஆண்டிலேயே மீன்குளங்களைப் பற்றி இலத்தீனில் நூல் வெளியிட்டவர். நூல் எழுதிய ஆயரின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. தோட்டம் செய்த ஐயாவின் சொல் காதில் ஏறவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொரு மீனுக்கும் பெயரிட்டார்கள். பாண் துண்டும் சோற்றுப்பருக்கையும் கைகைகளாகப் போட்டார்கள். வெயில் ஏறியது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் நான் முற்றத்துக்குச் சென்றபோது, மீன்கள் எல்லாம் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. நீரோ முதல்நாள் போலவே பளிங்காக இருந்தது. காற்றுப் போதவில்லை என்று எண்ணி இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினேன். இரண்டு இரவுகளில் 23 மீன்கள் மிதந்தன.

காலைத் திருப்பலிக்கு முன், எவரும் வருவதற்குள், அவற்றை வலையால் அள்ளி, உணவுக்கழிவு போடும் மண்ணிறத் தொட்டியில் இட்டேன். வியாழக்கிழமை கடைக்குச் சென்று, அதே அளவில் 23 மீன்களை வாங்கி வந்து விட்டேன். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் வழக்கம்போல் குளத்தடிக்கு ஓடினார்கள். எல்லாம் முன்போலவே இருந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் நெடுநேரம் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“சுவாமி, இதுக்குள்ள என்ர மீன் இல்லை. அதுக்கு வாலில வெள்ளை இருந்தது.”

“வளரும்போது பொன்மீன் நிறம் மாறும், பிள்ளை” என்றேன்.

அது முழுப் பொய்யன்று. பொன்மீன்கள் நிறம் மாறுவது உண்டு. ஒரு குரு சொன்னால் நம்பக்கூடிய, மறுக்க முடியாத உண்மையொன்றைத் தேடி எடுத்து, அதைக் கொண்டே ஒரு பிள்ளையை ஏமாற்றினேன். அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். நம்பினாளா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. (இதை அவளுடையதும் அவள் பெற்றோருடையதுமான இசைவுடனேயே எழுதுகிறேன்.)

இரண்டு வாரம் கழித்து மீண்டும் மீன்கள் இறக்கத் தொடங்கின. இம்முறை 13. ஞாயிறு திருப்பலி முடிந்து ஐயா குளத்தடிக்கு வந்தார். பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது.

“தண்ணியைச் சோதிச்சனீங்களோ?”

“தெளிவாகத்தானே இருக்கிறது ஐயா.”

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்கட கிணத்துத் தண்ணியும் கண்ணாடி மாதிரித்தான் இருந்தது சுவாமி. நாங்கள் போட்ட உரம் எல்லாம் அதுக்குள்ளதான் இருந்தது.”

இதன் பொருளை நம்மில் யாழ்ப்பாணத்து மண்ணில் வளர்ந்தவர்கள் உடனே உணர்வீர்கள். குடாநாட்டுக்கு வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே நம் ஊற்று. ஆண்டுக்கொரு முறை கிணற்றைக் கலக்கி இறைத்து, சேறு அள்ளி, ஊற்றுக்கண் திறந்து, பிறகு நுளம்புக் குடம்பியைத் தின்ன நாலு மீன்குஞ்சுகளையும் விட்டுவிட்டால் கிணறு சுத்தமாகிவிட்டது என்று நம்பி வாழ்ந்தோம். ஆனால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அளவின்றி இட்ட யூரியா, செம்மண்ணையும் சுண்ணக்கல்லையும் கடந்து, நைத்திரேற்றாக அதே ஊற்றை அடைந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த வழிகாட்டு அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தின் பல கிணறுகள் அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடவே செய்யும். அந்நீரில் பால்மா கரைத்துக் குடித்த கைக்குழந்தையின் குடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடலாம். உடல் நீலம் பாயும். ஐயா 1990இல் இடம்பெயர்ந்தவர். இன்று ஊருக்குத் திரும்பியுள்ள அவர் உறவினர்கள், முற்றத்தில் கிணறு நிறைய நீர் இருக்க, குடிப்பதற்குப் போத்தல் தண்ணீர் வாங்குகிறார்கள்.

அன்று மாலையே நீர்ச்சோதனைப் பெட்டி ஒன்று வாங்கினேன். சிறு கண்ணாடிக் குழாயில் குளத்து நீரை எடுத்து, மருந்தைத் துளித்துளியாக விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து, நிற அட்டையுடன் ஒப்பிட வேண்டும். அமோனியா இல்லையென்றால் நீர் மஞ்சளாக இருக்கும். என் குழாயில் இளம்பச்சை. அடுத்தது நைத்திரைற்று. இல்லையென்றால் வானநீலமாக இருக்க வேண்டிய நீர், கடும் ஊதாவாக மாறியது. தவக்காலத்தில் நாம் அணியும் ஊதா. அக்குழாயைக் கையில் பிடித்தபடி படிக்கட்டில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

குளத்தில் நடந்தது இதுதான். மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அமோனியாவாகப் பூக்களின் வழியே வெளியேற்றுகிறது. உண்ணாமல் அழுகும் பாணும் அமோனியாவாகவே முடிகிறது. பழகிய குளத்தில், கல்லிலும் செடியிலும் வடிகட்டியின் பஞ்சிலும் குடியிருக்கும் ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். வேறொரு வகை, நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முதலிரண்டும் சிறு அளவிலேயே மீனுக்கு நஞ்சு. மூன்றாவதை மீன்கள் பெருமளவு தாங்கும். செடிகள் அதை உணவாக உறிஞ்சும். உரசிய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் இந்தப் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அவை மெல்லவே பெருகும். புதிய குளத்தில் போதிய அளவு குடியேற நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் நீளும். ஐயா சொன்ன “பழகுதல்” இதுவே.

முதற் சாவு அமோனியாவால் வந்தது. இரண்டாவது, அமோனியாவை மாற்றும் பற்றீரியா பெருகியும் நைத்திரைற்றை மாற்றும் பற்றீரியா இன்னும் பெருகாத இடைக்காலத்தில் வந்தது. நான் மறைப்பதற்காக வாங்கி விட்ட 23 மீன்களும் அந்த நஞ்சைக் கூட்டின. அவற்றை விடாதிருந்தால், இரண்டாம் முறை இறந்த 13இல் பல பிழைத்திருக்கலாம். நீர் எத்துணை காரத்தன்மை கொண்டதோ அத்துணை அமோனியா கொடியது என்பதையும் பிறகே அறிந்தேன். பிஎச் 7 உள்ள நீரில், கொல்லும் வடிவிலிருக்கும் அமோனியா ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்குதான். 8இல் அது இருபத்தைந்தில் ஒரு பங்கு. 9இல் கால் பங்குக்கும் மேல். நம் குழாய்நீர் 7க்குச் சற்று மேலேயே இருக்கும். வெயிற் பொழுதில் பாசி வளர வளர இன்னும் ஏறும்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் குளத்தைச் சுற்றி அமர்த்தி எல்லாவற்றையும் சொன்னேன். மீன்கள் இறந்ததையும், வேறு மீன்களை வாங்கி விட்டதையும், நிறம் மாறும் என்று சொன்னதையும். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்தபோது, ஆன்ம சோதனை என்றால் என்ன என்று அதே பிள்ளைகளுக்கு நானே கற்பித்திருந்தேன். சிலர் அழுதார்கள். அந்தச் சிறுமி அழவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

“என்ர மீனை எங்க தாட்டனீங்கள்?”

தாழ்க்கவில்லை, கழிவுத்தொட்டியில் போட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. என் குருத்துவ வாழ்வில் இதைவிடக் கடினமான பல வாக்கியங்களைச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல. அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரமும் வகுப்புக்கு வந்தாள்; குளத்தடிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்து, “எந்தக் குழாயில ஊதா வரும்?” என்று கேட்டாள். அன்றுமுதல் துளி விடுவது நான், நிறத்தைப் படிப்பது அவள். ஒரு கொப்பியில் திகதியும் அளவும் எழுதினாள். எனக்குச் சாதகமாக அவள் ஒருநாளும் படித்ததில்லை.

அந்தக் கோடையில் செய்து கற்றவற்றையே இனி உங்களுக்குச் சொல்கிறேன்.

நஞ்சு ஏறியிருந்தால் முதலில் தீனியை நிறுத்துங்கள். நல்ல மீன் பல நாள் பட்டினி தாங்கும். நாள்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். புதிய நீரில் குளோரீனை நீக்காமல் விடாதீர்கள். நைத்திரைற்று மிகுந்திருந்தால், அயடீன் சேர்க்காத உப்பை 1000 லீற்றருக்கு ஒரு கிலோ என்ற அளவில், முதலில் வாளியில் கரைத்து, சிறிது சிறிதாகச் சேருங்கள். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று பூக்களின் வழியே இரத்தத்துக்குள் நுழைவதைத் தடுக்கும். அது நஞ்சை நீக்காது, மீனைக் காக்க நேரம் தரும். மீன்தொட்டி வைத்திருக்கும் நம் பங்கு அன்பர் ஒருவர், பல ஆண்டு பழகிய தம் வடிகட்டியின் பஞ்சில் பாதியைத் தந்தார். பார்க்க அழுக்குப் பிடித்த பழந்துணி போலிருந்தது. எங்கள் குளத்துக்குக் கிடைத்த கொடைகளில் அதுவே மிகச் சிறந்தது.

புதிதாகத் தொடங்குவோர் நீரையும் செடியையும் வடிகட்டியையும் முதலில் அமையுங்கள். மீன் கடைசியில். இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, வாரத்துக்கு இருமுறை சோதியுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி, இறங்கி, இரண்டும் சுழியத்தில் நின்ற பின்னரே அடுத்த மீன். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிப்பதற்கு மேல் தீனி போடாதீர்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் கழுவினால் குளோரீன் பற்றீரியாவைக் கொன்றுவிடும். குளத்து நீரை வாளியில் எடுத்து அதிலேயே அலசுங்கள். குளத்தின் விளிம்பை நிலத்தைவிட நாலு விரற்கடை உயர்த்துங்கள். இல்லையேல் புற்றரைக்கு இடும் உரம் மழையோடு குளத்தில் இறங்கும். நம் ஊர்க் கிணற்றுக்குச் செய்ததை இங்கும் செய்ய வேண்டாம்.

கோடை இரவுகளில் செடியும் பாசியுங்கூட ஒட்சிசனை இழுக்கும். ஆகவே விடியற்காலையே ஆபத்தான பொழுது. இரவில் இயந்திரத்தை நிறுத்தாதீர்கள். ஒக்ரோபரில் மேப்பிள் இலைகள் விழுமுன் குளத்தின்மேல் வலை கட்டுங்கள். அடியில் அழுகும் இலை, பனிக்கட்டியின் கீழ் மீன்களை மூச்சடைக்கச் செய்யும். நீர் 10 பாகைக்குக் கீழே இறங்கியதும் தீனியை நிறுத்துங்கள். நீர் 4 பாகையில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் மேலே உறைந்தாலும் ஆழத்தில் மீன்கள் அசைவற்று உயிர்வாழும். ஆனால் கழிவு வாயு வெளியேற, மேற்பரப்பில் ஒரு துளை எப்போதும் திறந்திருக்க வேண்டும். அதற்கென விற்கும் சிறு சூடாக்கி போதும். பனிக்கட்டியைச் சம்மட்டியால் உடைத்தால் அதிர்ச்சி மீன்களைத் தாக்கும். வேண்டாத மீனை ஒருபோதும் ஆற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள். அங்குள்ள உயிர்களின் வாழ்விடத்தை அது பறித்துவிடும். சிறு பிள்ளைகளைக் குளத்தடியில் தனியே விடவே வேண்டாம். வேலி பற்றிய விதிகளை உங்கள் நகராட்சியிடம் கேட்டறியுங்கள்.

சனவரியில் வெளியே மைனஸ் 25 பாகை. குளத்தின்மேல் பனி மூடி, நடுவில் ஒரு கைவட்டத் துளை மட்டும் கறுத்துத் தெரிந்தது. வகுப்பு முடிந்ததும் அந்தச் சிறுமி தொப்பியும் கையுறையுமாக வந்து, துளைக்குள் எட்டிப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. கொப்பியில் திகதியை எழுதி, அதற்கு நேரே “தெரியவில்லை” என்று எழுதி வைப்பாள். ஆறு வாரம் அப்படியே எழுதினாள். நானாயிருந்தால் “நலம்” என்று எழுதியிருப்பேன்.

ஏப்பிரலில் பனிக்கட்டி உடைந்தது. எஞ்சியிருந்த 23 மீன்களில் 21 மேலே வந்தன. இறந்த இரண்டையும் மேப்பிள் மரத்தடியில் தாழ்த்தோம். குழி வெட்டியவர் ஐயா. இடத்தைத் தெரிவு செய்தது அவள்.

இன்று இடும் படத்தைப் பாருங்கள். நீர் சற்றுப் பச்சை பாய்ந்திருக்கிறது. அடியிலுள்ள கூழாங்கற்கள் தெரியவில்லை. அவற்றின்மேல் வழுவழுப்பாகப் பாசி படர்ந்துள்ளது. மீன்களும் பாதிதான் தெரிகின்றன. சென்ற ஆண்டுப் படத்தைப் போல இது அழகாக இல்லை. ஆனால் நேற்று நாங்கள் சோதித்தபோது முதற்குழாய் மஞ்சள், இரண்டாவது நீலம். கொப்பியில் எழுதியிருக்கிறது.

பிறர் பார்க்க நம் குடும்பங்களையும் நம் பங்கையும் என் குருத்துவத்தையும் தெளிவாக வைத்திருக்க நாம் எவ்வளவோ பாடுபடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் “எப்படிச் சுகம்?” என்றால் “நல்ல சுகம்” என்கிறோம். உள்ளே என்ன ஏறியிருக்கிறது என்று துளிவிட்டுப் பார்க்க அஞ்சுகிறோம். நானும் அஞ்சினேன். பார்த்தபின்தான் எதைச் செய்ய வேண்டும் என்பது தெரிந்தது. உங்களில் எவருக்கேனும் அப்படியொரு சுமை இருந்தால், சனிக்கிழமை மாலைகளில் நான் குளத்தடியில்தான் இருப்பேன். வாருங்கள். அவசரமில்லை, நீர் பழகட்டும்.

சென்ற ஆண்டுப் படத்தை நான் நீக்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். அதன் கீழ் இந்தப் பதிவுக்கு வழி காட்டியிருக்கிறேன்.

ஆண்டவர் உங்கள் இல்லங்களையும், ஊரில் கிணற்றோடு காத்திருக்கும் உங்கள் உறவுகளையும் ஆசீர்வதிப்பாராக.

இறையன்பில்,
உங்கள் பங்குப் பணியாளன்